எண்ணும் கையும் எழுதும் கையும்

2021ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி அமெரிக்கக் காங்கிரஸ் மண்டபத்துள் ஒரு பெருங்கும்பல் புகுந்து அட்டகாசம் புரிந்த செய்தியை அறியாதார் இலர். அன்று அம்மண்டபத்தில் நடைபெற்றுக்கொண்டிருந்த காரியம் யாது? 2020 நவம்பரில் நடந்து முடிந்த ஜனாதிபதித் தேர்தலில் மாநிலந்தோறும் தெரிவான தேர்வாளர்கள் அளித்த 538 வாக்குகளின் சான்றிதழ்களைத் திறந்து, எண்ணி, முடிவை அறிவிப்பதே அது. ஜோ பைடனுக்கு 306. டொனால்ட் டிரம்புக்கு 232. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும், கூட்டத்துக்குத் தலைமை வகித்த உப ஜனாதிபதி மைக் பென்ஸ் சில மாநிலங்களின் வாக்குகளைத் தாமாகவே ஒதுக்கிவிட வேண்டும் என்று தோற்றுப்போன ஜனாதிபதி வற்புறுத்தினார். பென்ஸ் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, ஒரு மனிதரின் நேர்மையே அந்நாட்டு ஜனநாயகத்தைக் காப்பாற்றியது என்று பாராட்டுவோர் பலர்.

இப் புகழுரையை மலையகத்து மக்கள் எவ்வாறு ஏற்பது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் கால் கடுக்க வரிசையில் நின்று பழகியவர்கள் அவர்கள். தராசின் முள் எங்கே நிற்கின்றதோ அதை உள்ளபடி வாசிப்பதே நிறுப்பவனின் கடமை. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் வாயில் வந்த கழிவைக் கழித்து ஏட்டில் எழுதும் கணக்கப்பிள்ளையை அவர்கள் நன்கு அறிவர். அவன் ஒருநாள் கழிக்காமல் எழுதினான் என்பதற்காக எவரும் அவனுக்கு மாலை சூட்டி ஊர்வலம் வைப்பதில்லை. பென்ஸ் முள்ளை வாசித்தார், அவ்வளவே. வாசிக்க மறுத்திருந்தால் அவர் குற்றவாளி. வாசித்தமையால் மட்டும் வீரர் ஆகிவிட மாட்டார்.

ஆயின், இப் புகழுரையில் நாம் காணும் பெருந்தவறு இதுவன்று. எண்ணும் கையையே உற்று நோக்கிக்கொண்டிருப்பவன் எழுதும் கையைக் காணத் தவறிவிடுகின்றான். வாக்கை எண்ணுபவர் ஒருவர்; வாக்கு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பட்டியல் எழுதுபவர் வேறொருவர். உழைக்கும் மக்களின் உரிமை எண்ணும் மேசையில் பறிபோவதைவிட, அதற்கு நெடுநாள் முன்னரே எழுதும் மேசையில் பறிபோவதே அதிகம். இந்த உண்மையைத் தம் உடலிலும் வயிற்றிலும் பட்டறிந்தவர்கள் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழும் தோட்டத் தொழிலாளர்.

முதலில் அமெரிக்காவின் கதையையே சற்று ஆராய்வோம்.

1804இல் நிறைவேறிய பன்னிரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம், செனற் சபையின் தலைவர் என்ற முறையில் உப ஜனாதிபதி சான்றிதழ்களைத் திறப்பார் என்றும், பின்னர் வாக்குகள் எண்ணப்படும் என்றும் கூறுகின்றது. திறப்பவர் யார் என்பது தெளிவு. எண்ணுபவர் யார்? அங்கே செயப்பாட்டு வினை வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றது. எழுவாய் மறைந்த வாக்கியத்தில் எவனும் நுழைந்துகொள்ளலாம் என்பதை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

1876ஆம் ஆண்டுத் தேர்தலில் அது நடந்தது. புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று தென் மாநிலங்களிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. பதினைந்து பேர் கொண்ட ஆணைக்குழு அமைக்கப்பட்டு, எட்டுக்கு ஏழு என்ற கணக்கில், ஐயத்துக்குரிய வாக்குகள் எல்லாம் ஹேய்சுக்கே உரியன என்று தீர்ந்தது. 185க்கு 184 என்ற ஒற்றை வாக்கினால் அவர் ஜனாதிபதியானார். இக்குழப்பம் மீண்டும் நேராதிருக்க 1887இல் ஒரு சட்டம் இயற்றினர். அதன் ஓட்டைகளை அடைக்க, 2021இன் கலவரத்தின் பின், 2022இல் மற்றொரு சட்டம் வந்தது. உப ஜனாதிபதியின் பணி வெறும் சடங்குப் பணியே, வாக்கை ஏற்கவோ தள்ளவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது. 2025 ஜனவரி 6ஆந் திகதி கமலா ஹரிஸ் தமது தோல்வியைத் தாமே தலைமை தாங்கி அறிவித்தார்.

நல்லது. எண்ணும் கைக்கு விலங்கு பூட்டியாயிற்று. ஆனால் 1877இல் அந்த ஒற்றை வாக்குக்கு விலை கொடுத்தவர்கள் யாவர்? இரு கட்சிப் பெரியவர்களும் செய்துகொண்ட சமரசத்தின்படி, தென் மாநிலங்களில் நின்ற மத்திய அரசின் படை ஒதுங்கிக்கொண்டது. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பு மக்களைக் காக்க எவரும் இலர். தலைவரி, எழுத்தறிவுச் சோதனை, கொலை மிரட்டல் ஆகியவற்றால் அவர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலினின்றும் அழிக்கப்பட்டன. அப்பெயர்களை மீண்டும் எழுத, 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இதற்கும் முந்திய ஒரு கணக்கு உண்டு. 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு, பிரதிநிதிகளின் தொகையை வகுக்கும்போது அடிமை ஒருவனை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகக் கணக்கிட்டது. அடிமைக்கு வாக்கு இல்லை; ஆனால் அவனுடைய தலையை எண்ணி அவனுடைய எசமானின் மாநிலத்துக்கு அதிக ஆசனங்களும் அதிகத் தேர்வாளர் வாக்குகளும் வழங்கப்பட்டன. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர் விழுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இக்கணக்கின் சூட்சுமம் எளிதில் விளங்கும். அரைப்பேர் விழுந்தாலும் தொழிலாளிக்கு அரைநாட் சம்பளமாவது உண்டு. அங்கே ஐந்தில் மூன்று பேர் விழுந்தது. சம்பளமோ முழுவதும் எசமானுக்கு.

இனி நம் மலைகளுக்கு வருவோம்.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமைக்கு வதிவிட நிபந்தனைகள் பல விதிக்கப்பட்ட போதிலும், கணிசமானோர் இடாப்பில் இடம்பெற்றனர். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்று கணக்கிடப்பட்டோர் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டு மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர்களுடைய குரல் பாராளுமன்றத்தை எட்டிற்று. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர்கள் வெற்றி பெற்றனர். காங்கிரஸ் போட்டியிடாத தொகுதிகள் பலவற்றில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் பலமளித்தது.

ஆளும் வர்க்கம் கதிகலங்கிற்று. கூலியாகக் கொண்டுவரப்பட்டவன் வாக்காளனாக நிமிர்ந்து நிற்கின்றான். அவன் சிங்களப் பாட்டாளியோடு கைகோத்தால் நிலை என்னாகும்? இந்த அச்சத்தின் விளைவே டி. எஸ். சேனநாயக்கா அரசாங்கம் அடுக்கடுக்காகக் கொண்டுவந்த மூன்று சட்டங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலேயே பிறந்தவனிடமும் அவன் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட தலைமுறையிடம் பிறப்புப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானோர்க்கு 7 ஆண்டு, மணமாகாதோர்க்கு 10 ஆண்டு என்று தொடர்ச்சியான வதிவிடத்துக்கு ஆதாரம் கேட்டது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம், பிரசை அல்லாதார் பெயரை இடாப்பிலிருந்து நீக்கிற்று. மூன்றாவது சட்டமே தூக்குக் கயிறு. முதலிரண்டும் அதைக் கட்டுவதற்கு நட்ட மரங்கள்.

இவ்விடத்தில் நம்மவர் என்று சொல்லிக்கொள்வோரின் பங்கையும் மறைத்தலாகாது. முதற் சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், மந்திரிப் பதவி ஏற்ற பின்னர் இரண்டாவதை ஆதரித்து வாக்களித்தார். அதனை எதிர்த்துப் பிரிந்தவர்களே செல்வநாயகம் தலைமையில் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். சிங்கள மக்கள் அனைவரும் எதிரிகள் என்று கூறுவோர்க்கும் ஒரு சொல்: அன்று பாராளுமன்றத்தில் இச்சட்டங்களை எதிர்த்து நின்றவர்களுள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் போன்ற இடதுசாரிகள் முன்வரிசையில் இருந்தனர்.

1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. அதில் நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ எவரும் வாக்குப் பெட்டியை உடைக்கவில்லை. தெரிவத்தாட்சி அதிகாரி எவரும் சான்றிதழைக் கிழிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவை எண்ணப்பட்டன, முடிவு அறிவிக்கப்பட்டது. பென்சைப் புகழ்வோர் அந்த எண்ணும் மேசையைப் பார்த்திருந்தால் அதையும் புகழ்ந்திருப்பர். ஆயினும், மலையகத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர்கூட அப்பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் கொழும்பு வீதியில் அமர்ந்திருந்தவர்களின் பெயர்கள் இடாப்பில் இல்லை. ஆகவே அவர்களின் வாக்குப் பெட்டியிலும் இல்லை. இல்லாத வாக்கை எந்த உத்தமன்தான் எண்ண முடியும்?

இதே கேள்வி நீதிமன்றமும் ஏறிற்று. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் கோடாக்கன்பிள்ளை என்பவரின் பெயரை இடாப்பில் சேர்க்கப் பதிவு அதிகாரி முதநாயக்க மறுத்தார். மேன்முறையீட்டை விசாரித்த திருத்தல் அதிகாரி சிவஞானசுந்தரம், பெயரைச் சேர்க்குமாறு தீர்ப்பளித்தார். ஒரு சமூகத்தார்க்கு மட்டும் பிறர்க்கில்லாத தடை விதிக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியிருந்ததல்லவா? ஆனால் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சிலுக்குப் போயிற்று. 1953இல் அங்கிருந்த பிரபுக்கள், யாரைப் பிரசையாக்குவது என்பது பாராளுமன்றத்தின் விருப்பம் என்றும், இம்மக்கள் வந்து போகும் இயல்புடையோர் என்பதைக் கருத்திற்கொண்டமை சமூக பேதம் ஆகாதென்றும் முடிவு செய்தனர். தேயிலை பறிக்கும்போது நிலையான உழைப்பாளி. வாக்குக் கேட்கும்போது வந்து போகிறவன்! ஏகாதிபத்தியத்தின் நீதிநூலில் இதற்கு முரண்பாடு என்று பெயரில்லை.

'பென்சைப் போல அதிகாரி தன் விருப்பத்தைப் புகுத்தலாகாது என்கிறீரே. சிவஞானசுந்தரம் செய்தது மட்டும் சரியோ?' என்று ஒரு மாணவன் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருத்தல் அதிகாரிக்கு விசாரித்துத் தீர்க்கும் கடமையைச் சட்டமே கொடுத்திருந்தது. இரு தரப்பும் கேட்கப்பட்டன, காரணம் எழுதப்பட்டது, மேலே முறையிட வழி இருந்தது. யாவும் வாக்களிப்புக்கு முன்னர். எண்ணும் மேசையில் ஒருவன் தன்னிச்சையாக வாக்கைத் தள்ளுவது வேறு; பட்டியல் மேசையில் பகிரங்கமாக உரிமையை வாதிடுவது வேறு. வாதாட வேண்டிய இடம் இடாப்பு. வாய்மூடி வாசிக்க வேண்டிய இடம் எண்ணும் மேசை. நம் நாட்டிலோ முதலாவது இடத்தில் மக்களின் வாய் அடைக்கப்பட்டது.

கொடுமை இத்துடன் முடிந்ததா? சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றும், நிலப்பரப்பில் 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்றும் வகுத்திருந்தது. தலைகளை எண்ணும்போது, வாக்குரிமை உண்டா என்று கேட்கவில்லை. எனவே, நாடற்றவராக்கப்பட்ட இலட்சக்கணக்கான தொழிலாளரின் தலைகள் மலைநாட்டு ஆசனங்களின் தொகையைத் தாங்கி நின்றன. அந்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரியும் உரிமையோ அத்தலைகளுக்கு இல்லை. 1959இன் தொகுதி நிர்ணயத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் எசமானர்கள் அடிமையை ஐந்தில் மூன்றாக எண்ணினர். நம் எசமானர்கள் முழு மனிதனாக எண்ணி, முழுவதையும் எடுத்துக்கொண்டனர். இதனால் கண்டிச் சிங்கள விவசாயியின் குடிசையில் விளக்கு எரிந்ததா? இல்லை. அவன் பெயரால் ஆசனம் பெற்ற நிலவுடைமைக் குடும்பங்களே செழித்தன.

இடாப்பில் பெயரில்லாதவனை நாட்டின் கணக்கிலிருந்தே கழிப்பது எளிது. 1949இன் சட்டப்படி சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் பிரசாவுரிமை கோரினர். 1960களின் நடுப்பகுதிக்குள் அதைப் பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. சாக்கில் கொழுந்தைப் பிரிப்பது போல் மனிதரைப் பிரித்தபோது, அம்மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. வாக்கில்லாதவனை ஏன் கேட்க வேண்டும்? நியமன உறுப்பினராக ஒருவரை அமர்த்துவதே இரக்கம் எனப்பட்டது. 1947க்குப் பின் மலையக மக்களின் தலைவர் ஒருவர் நுவரெலியாவிலிருந்து வாக்கினால் தெரிவாக 1977வரை, முப்பது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. நாடற்றவர் பிரச்சினையை 1988இன் சட்டம் பெரிதும் தீர்த்தது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியதாயிற்று.

'அதுதான் தீர்ந்துவிட்டதே! பழைய புண்ணை ஏன் கிளறுகின்றீர்?' என்பார் உளர். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலை அவர்கள் சுட்டிக்காட்டுவர். எவரும் அரைப்பங்கு வாக்குக்கு மேல் பெறாமையால், 1982இலிருந்து நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. 42.31 வீதம் பெற்று முன்னின்ற அநுர குமார திசாநாயக்க, இரண்டாம் எண்ணிக்கையின் பின்னரே வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். கலவரம் இல்லை, மண்டபம் உடைபடவில்லை. உண்மை, வரவேற்போம். எண்ணும் கை சுத்தமாயிருந்தது.

ஆயின் எழுதும் கை? ஐம்பத்தைந்து ஆண்டு கழித்துப் பெயரை எழுதினால், அந்த ஐம்பத்தைந்து ஆண்டில் அவர்களின்றி நிறைவேறிய சட்டங்கள் அழிந்துவிடுமா? நிலம் பங்கிடப்பட்டபோதும், பாடசாலைகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டபோதும் அவர்கள் சபையில் இல்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. 2018வரை அது திருத்தப்படவில்லை. வாக்குக் கேட்டு வரப் பாதை இருந்தது. அந்தப் பாதையைச் செப்பனிடச் சட்டம் இல்லை!

எல்லை வரைவதும் எழுதும் கையின் வேலையே. மக்கள் பெருகிக் கிடந்த நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பிரதேச சபைகளும், நெடுநாட் கோரிக்கையின் பின், 2018ஆம் ஆண்டுத் தேர்தலுக்கே ஆறாகப் பிரிந்தன. அதே ஆண்டில் மாகாண சபைகளின் தொகுதி நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. அதை ஆதரித்து ஒரு வாக்கும் விழவில்லை. 2013 செப்டெம்பரில் தெரிவான மத்திய மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது. எல்லைக்கோடு தீரவில்லை என்ற காரணம் கூறப்பட்டு, அதன் பின் ஆண்டுக்கணக்கில் வாக்குப் பெட்டியே வைக்கப்படவில்லை. எண்ணுவதில் மோசடி செய்ய வேண்டிய அவசியமே எழாத அளவுக்கு எழுதும் மேசையில் காரியம் முடிந்துவிடுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, மலையகத்தின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூறுவது இது. வாஷிங்டனில் ஒரு கனவான் கடமையைச் செய்தாரா என்று பட்டிமன்றம் நடத்துவது தீதன்று. ஆனால் அதிலும் அவசரமான வேலை உங்கள் வாசலிலேயே இருக்கின்றது. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றது. தனி முகவரி இல்லாத லயக் காம்பிராக்கள் எத்தனை? தோட்டக் காரியாலயத்தின் வழியே வந்து சேரும் கடிதங்கள் எத்தனை கைமாறிப் போகின்றன? கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர் இங்கே வெட்டப்பட்டு, அங்கேயும் எழுதப்படாமல் போகின்றதா? அடையாள அட்டை இல்லாத தாய்மார் யார் யார்? இவை கட்சி மேடையில் முழங்கித் தீர்பவை அல்ல. படிவத்தை எடுத்து, பெயரைச் சரிபார்த்து, காட்சிக்கு வைக்கப்பட்ட இடாப்பில் விரல் வைத்து வாசித்து, விடுபட்ட பெயருக்கு உரிமைக் கோரிக்கை எழுதிக் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை. எழுதப் படிக்கத் தெரிந்தவனின் கடன் இது. பிறப்புப் பத்திரம் கேட்டபோது எழுதித்தர ஆளின்றி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அல்லவா நீங்கள்?

அடுத்த இடாப்புத் திருத்தம் வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஆசிரியரும் நான்கு மாணவரும் லயம் லயமாகச் செல்லட்டும். அடுத்த எல்லை நிர்ணயக் குழு கூடும்போது, தோட்டத்தின் குடித்தொகையையும் வாக்காளர் தொகையையும் எழுதிக்கொண்டு அதன் முன் போய் நிற்கட்டும். வாக்கெண்ணும் நிலையத்தின் வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பதற்கு ஆள் எப்போதும் உண்டு. இடாப்பு எழுதப்படும் பட்டப்பகலில் விழித்திருக்கத்தான் இன்று ஆள் வேண்டும்.